வலது பக்கத்து டி-ஸ்கொயர்

அந்த வகுப்பில் எனக்குப் பழக்கமானதெல்லாம் முதுகுகள்தான். கோரிப்பாளையம் முச்சந்திக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது எங்கள் டிராயிங் இன்ஸ்டிடியூட். எல்லா மேஜைகளும் கரும்பலகையைப் பார்த்தே கிடக்கும். முன்னால் இருப்பவனின் சட்டைக் காலரையும் அதில் படிந்த அழுக்கையும் பார்த்தபடி கட்டட வரைபடம் படித்தோம். ஒரே ஒரு முகம் மட்டும் எங்களை நோக்கி இருந்தது. எனக்கு நேர் முன் மேஜையில், ஸ்டூலை எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டு, மாஸ்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் இப்போதும் யாராவது ஒருவர் அவரிடம் நியாயம் பேசப் போவார், பாவம், அந்த ஆள் தப்பித்து வர முடியாது.

எழுபதுகளின் கடைசி அது. நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் வயலும் மாடுமாக இருக்க, உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு டிரேசர் வேலை கிடைத்த செய்தி வந்தது. அடுத்த வாரமே என்னைக் கொண்டுவந்து இங்கே சேர்த்துவிட்டார் அப்பா. டிரேசர் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கட்டட வரைபடங்களை மெல்லிய தாளில் படியெடுக்கிற வேலை அது என்று அக்காவுக்குத் தெரியும். அவர் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, தானாகவே கேட்டு வந்து சேர்ந்தவர். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள்.

அவர் ஏன் திரும்பி உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டுமானால் டி-ஸ்கொயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆங்கில 'டி' எழுத்தைப் படுக்கப் போட்டது போன்ற மரக்கோல் அது. குறுக்கே இருக்கும் குட்டைக் கட்டைக்குத் தலை என்று பெயர். வரைபலகையின் இடது விளிம்பை ஒட்டித் தலையை வைத்து மேலும் கீழும் தள்ளினால், நீளக்கோல் காகிதத்தின் மேல் கோணாமல் நகரும். அதன் மேல் ஓரத்தை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் படுக்கைக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக விழும். கோலின் மேல் செட் ஸ்கொயரை, அதாவது அந்த முக்கோணத்தை, நிறுத்தினால் செங்குத்துக் கோடு. இடது கை தலையைப் பிடிக்க வேண்டும், வலது கை வரைய வேண்டும், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் கை நிழல் கோட்டின் மேல் விழாது. இவ்வளவையும் மாஸ்டர் முதல் நாளே சொல்லி முடித்துவிட்டார்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர். இடது கைக்கு இருக்கும் பெயரை எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அக்காவுக்கு இருக்காது, அதனால் எழுதிவிடுகிறேன்: பீச்சாங்கை.

இரண்டாம் நாள் மாஸ்டர் வகுப்புக்குள் வந்தபோது அக்கா ஸ்டூலை மாற்றிப் போட்டு, பலகையைச் சுற்றித் திருப்பி, வேலை பார்க்கும் விளிம்பை வலது பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"என்னம்மா இது? வாத்தியாருக்கு முதுகக் காட்டிக்கிட்டு?"

"கை நிழல் கோட்டு மேல விழக்கூடாதுன்னு நேத்து சொன்னீங்கள்ல சார்? இப்படி உக்காந்தாத்தான் எனக்கு விழல."

"பீச்சாங்கையில டிராயிங் போடுற வழக்கமே இல்லம்மா. எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது."

"புஸ்தகம் எழுதுனவருக்குச் சோத்தாங்கை போல. அவரு அவருக்குத் தெரிஞ்சத எழுதிட்டாரு. அவரக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

பையன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னவர் அவரேதான் என்பதால், சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து கரும்பலகையில் ஏதாவது வரைந்தால் அக்கா கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்ப்பார், பிறகு என் பக்கம் திரும்பி வரைவார். மாலைக்குள் கழுத்து வலிக்கும். வலிக்கிறது என்று அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்துவிடுவார், வாசனையே காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் எல்லோரும் தாளின் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது பக்கம் போவோம். அவர் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது பக்கம் வருவார், இல்லாவிட்டால் தன் கையே போட்ட கோட்டை அழித்துவிடும் என்பார். தாளின் வலது கீழ் மூலையில் பெயர் எழுதும் கட்டம் இருக்கும். நாங்கள் கடைசியில் பயந்து பயந்து எழுதுவதை அவர் முதலிலேயே எழுதிவிடுவார். "யாரு வரையிறான்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் வரையணும் புள்ள. முடிச்சிட்டுப் பேரு போடுறது, நல்லா வந்தா என்னுது, வராட்டி வேற யாருதோன்னு சொல்லவா?"

எல்லாக் கருவியும் அவருக்கு எதிரிதான். டி-ஸ்கொயரைச் சும்மா திருப்பி வைத்தால் வரைகிற ஓரம் கீழே போய்விடும். குப்புறப் போட்டால் தலைக்கட்டை இடித்துக்கொண்டு கோல் பலகையில் படியாது. அதனால் தனக்கென்று ஒன்றைச் செய்யச் சொல்லி, தன் வீடு இருந்த அவனியாபுரத்திலேயே ஓர் ஆசாரியிடம் படம் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து நானும் கூடப் போனேன். ஆசாரி நல்ல தேக்கில், வழுவழுவென்று இழைத்து, எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண டி-ஸ்கொயரையே செய்து வைத்திருந்தார்.

"அண்ணே, நான் குடுத்த படம் என்னாச்சு?"

"அதுல தப்பு இருந்துச்சும்மா. கண்ணாடியில பாத்து வரைஞ்ச மாதிரி மாத்தி வரைஞ்சிருந்த. நானே திருத்திட்டேன். பரவால்ல, புதுசா படிக்கிற புள்ளதானே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்காமல் அந்த அழகான டி-ஸ்கொயரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப அவர் முன்னாலேயே வைத்தார். "நீங்க திருத்துனது ரொம்ப நல்லாருக்குண்ணே. இப்ப அந்தத் தப்ப அப்படியே செஞ்சு குடுங்க." ஆசாரி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆட்கள் வாங்கிப்போவதெல்லாம் இப்படித்தான் என்றார், பார்க்கிறவன் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பான் என்றார். "சிரிச்சா எங்கிட்ட அனுப்புங்க." கடைசியில் ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு செய்துகொடுத்தார்.

அந்தக் காலத்தில் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவது ஒரு கூத்து. "சப்பாத்திப் பலகையா, இம்புட்டுப் பெருசா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒருநாள் இரவு அக்கா வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அவனியாபுரத்தில் நானும் அவரோடு பஸ் ஏறினேன். வலது கக்கத்தில் பலகை, இடது கையில் சில்லறை. கண்டக்டர் வாங்க மாட்டேன் என்றார்.

"கைய மாத்திக் குடும்மா. மொத டிரிப்பு."

"அந்தக் கையில பலகை இருக்கு. பிடிங்க, மாத்தித் தாரேன்."

கண்டக்டர் யோசிக்காமல் பலகையை வாங்கிக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பலகை ஒரு கையில், விசில் வாயில், டிக்கெட்டைக் கிழிக்கக் கை இல்லை. கிழவர் ஒருவர் "கண்டக்டர் தம்பி, சப்பாத்தி எப்ப வரும்?" என்றார். கண்டக்டர் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவின் இடது கையிலிருந்தே சில்லறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட நிற்பது வேறு. பல நாள் எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிப்போகும்? அவர் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா, பரம சாது. அவரும் என்னிடம் ஒருநாள் இதையே கேட்டார்: "நீயாவது சொல்லும்மா. நாலு பேர் இருக்கிற எடத்துல மட்டுமாச்சும் கைய மாத்திக்கிட்டா என்ன?"

சொன்னேன். அக்கா இடது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே, வளையல் போட வேண்டிய இடத்தில், தோல் சுருங்கி வெளுத்த ஒரு தழும்பு. அந்தக் கையில் அவர் வளையல் போட்டு நான் பார்த்ததில்லை. ஃபேஷன் என்று நினைத்திருந்தேன்.

"எங்கம்மா கரண்டியச் சுட வச்சு இழுத்தது. சூடு பட்டா அந்தக் கையத் தூக்க மாட்டான்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கு அப்ப பேச்சே சரியா வரல. வளையல் போட்டா மறைஞ்சுரும். நான் எதுக்கு மறைக்கணும்? பாக்குறவங்க பாக்கட்டும்."

எனக்கு அவர் அம்மாவைத் திட்ட வாய் வந்தது. அக்காவோ பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார். "எம் பொண்ணும் இந்தக் கைதான் புள்ள," என்றார். "நான் இப்ப மாத்திக்கிட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளப் பாக்க?" அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, கறிச்சோறு. அக்கா வாளியை வலது கையில் பிடித்து, இடது கையால் அள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கணவர் வழிப் பெரியவர் ஒருவர் சட்டென்று இலையின் மேல் கையை வைத்து மறித்தார்.

"வேற யாரையாவது வந்து வைக்கச் சொல்லு. பீச்சாங்கைச் சோறு நான் திங்கிறதில்ல."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அக்கா வாளியைக் கீழே வைத்தார். "மாமா, அரிசியக் களைஞ்சது இந்தக் கை. ஒலையில போட்டது இந்தக் கை. வடிச்சதும் இந்தக் கைதான். அப்பல்லாம் மணத்துச்சு, இலையில வைக்கும்போது மட்டும் நாறுதாக்கும்?" சொல்லிவிட்டு நிற்கவும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பெரியவர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டார். கணவர் ஓடிவந்து சமாதானம் செய்து வேறு ஆளை வைத்துப் பரிமாறினார். பெரியவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்பதை நான் கவனித்தேன். அதுவும் அக்கா வடித்த சோறுதான்.

இதெல்லாம் வீட்டுச் சண்டைகள். தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் பொழுது விடியும். இன்ஸ்டிடியூட் படிப்பின் முடிவில் எழுதும் பரீட்சை அப்படி இல்லை. ஓர் ஆபீஸில் டிரேசர் வேலை காலியாக இருந்தது. அதற்கு இந்தப் பரீட்சைச் சான்றிதழ் வேண்டும். அடுத்த பரீட்சை வருவதற்குள் அந்த வேலைக்கான வயது வரம்பை அக்கா தாண்டிவிடுவார். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், பிறகு எந்தக் கையால் வரைந்தும் பிரயோசனம் இல்லை.

பரீட்சை நடந்தது ஒரு பள்ளிக்கூட ஹாலில். காலையில் கணவர் டிபன் பாத்திரத்தோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். "இன்னைக்கு ஒருநாள் சண்டை போடாம வந்துரு," என்று கெஞ்சினார்.

"நான் எங்க சண்டை போடுறேன்? அவங்க ஆரம்பிக்காட்டி நான் பாட்டுக்கு வரைஞ்சிட்டு வாரேன்."

எண் வரிசைப்படி எனக்கு முன் மேஜை அவருக்கு. உள்ளே போனதும் ஸ்டூலை எதிர்ப்பக்கம் போட்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்து, தாளைப் பலகையில் பின் குத்தி வைத்தார். கேள்வித்தாள் கொடுத்தாகிவிட்டது. ஒரு சிறிய வீட்டின் தரைப்படம், வெட்டுத்தோற்றம், முகப்பு மூன்றையும் வரைய வேண்டும். நான் அளவுகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் அவர் மேஜைக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, சட்டையை விட விறைப்பான முகம்.

"திரும்பி ஒழுங்கா உக்காரு. பின்னாடி இருக்கிற பொண்ணு ஷீட்டப் பாத்து எழுதவா?"

"சார், எனக்கு இடது கை. வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வரணும். அவ ஷீட்டு எனக்குத் தலைகீழாத் தெரியுது. தலைகீழாப் பாத்துக் காப்பியடிக்கிற அளவுக்குத் திறமை இருந்தா நான் எதுக்கு சார் இங்க வாரேன்?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையானது. மேற்பார்வையாளர் முகம் சிவந்துபோனது. திரும்பி உட்காரச் சொன்னதை விட்டுவிட்டார். பலகையில் கிடந்த டி-ஸ்கொயரைக் கையில் எடுத்தார், அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது? இப்படி ஒரு டி-ஸ்கொயர நான் பாத்ததே இல்ல. ஏதோ ஏடாகூடமா செஞ்சு கொண்டாந்திருக்க. இத அனுமதிக்க முடியாது." அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து பள்ளிக்கூடத்து டி-ஸ்கொயர் ஒன்றை எடுத்துவந்து போட்டார். "எல்லாரும் வரையிற மாதிரி வரைஞ்சா வரை. இல்லாட்டி எந்திரிச்சுப் போ."

மரத்தடியில் டிபன் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த சாது மனிதர் நினைவுக்கு வந்தார். "அக்கா, வாங்கிக்கங்க," என்று உதடு அசையாமல் சொன்னேன். ஒருநாள் வலது கையில் கஷ்டப்பட்டு எதையாவது கிறுக்கிப் பாஸானால் போதும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

அக்கா அந்தப் பள்ளிக்கூடத்து டி-ஸ்கொயரைத் தொடவே இல்லை. தன் பெட்டியிலிருந்து இரண்டு செட் ஸ்கொயர்களையும் எடுத்தார். ஒரு முக்கோணத்தை வலது கையால் தாளில் அழுத்திப் பிடித்தார். அதன் ஓரத்தை ஒட்டி இன்னொரு முக்கோணத்தை நகர்த்தி ஒரு கோடு போட்டார். மறுபடி நகர்த்தினார், மறுபடி ஒரு கோடு. இரண்டும் இணை. முக்கோணத்துக்குத் தலை கிடையாது. தலை இல்லாததால் அதை இந்த விளிம்பில்தான் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மாஸ்டர் இந்த முறையை எங்களுக்கு ஒரே ஒரு தடவை, சிறிய கோடுகளுக்கு மட்டும், போகிற போக்கில் சொல்லித்தந்திருந்தார். ஒரு முழு வீட்டை யாரும் இப்படி வரைந்து நான் பார்த்ததில்லை.

கோடு நீளமாக இருந்தால் முக்கோணம் எட்டாது. பாதி போட்டு, முக்கோணங்களைத் தள்ளி வைத்து, மீதியை ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டும் இடம் ஒரு மயிரிழை விலகினாலும் சுவர் உடைந்து தெரியும். அவருக்கு வேர்த்து மூக்கு நுனியில் சொட்டு நின்றது. சொட்டுத் தாளில் விழுவதற்குள் முந்தானையால் துடைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் இரண்டு மேஜைக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்து நின்றார். முக்கோணங்கள் எல்லோரிடமும் இருக்கிற முக்கோணங்கள்தான். பிடுங்குவதற்கு அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. நான் என் வீட்டை வரைவதை மறந்துவிட்டு அக்காவின் வீடு எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அது நேராக நின்றது.

மணி அடித்ததும் அக்கா தாளைக் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் மேஜையிலிருந்து தன் டி-ஸ்கொயரைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "சண்டை போட்டியா?" என்றார் கணவர். "இல்ல. பசிக்குது," என்றார்.

முடிவு வந்தபோது அவர் பாஸ், இரண்டாம் வகுப்பு. டி-ஸ்கொயர் கையில் இருந்த நான் ஃபெயில். வயது தாண்டுவதற்கு முன்பே அவருக்கு அந்த வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே அங்கே மேஜையைத் திருப்பிப் போட்டு, ஹெட் கிளார்க்கிடம் முதல் சண்டையையும் முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த பரீட்சைக்கு நான் மறுபடி போனேன். பஸ் ஸ்டாப்பில் பலகையோடு அக்கா நின்றிருந்தார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, நீங்கதான் பாஸாயிட்டீங்களே. வேலையும் கெடைச்சிருச்சு. இனி எதுக்கு?"

"அந்தப் பாஸு ரெண்டு முக்கோணத்துக்குக் கெடைச்சது புள்ள. நான் எப்படி வரைவேனோ அப்படி வரைய விடல அந்த ஆளு. அப்படி வரைஞ்சு ஒரு பாஸு வாங்கணும். அம்புட்டுத்தான்."

அதே ஹால், அதே மேற்பார்வையாளர், அதே கஞ்சிச் சட்டை. அந்தத் தடவை நானும் தேறினேன், அக்கா முதல் வகுப்பு வாங்கினார். ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த முடிவு இல்லை. கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் நடந்ததுதான்.

மேற்பார்வையாளர் ஹால் டிக்கெட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டிருந்த மேஜைக்கு முன்னால் நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றார். ஆசாரி செய்துகொடுத்த அந்த டி-ஸ்கொயரை எடுத்து, இடது கையாலேயே அவரிடம் நீட்டினார்.

"இப்பவே எடுத்துட்டுப் போறீங்களா சார், இல்ல நான் பாதி வரைஞ்சப்புறம் வாரீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. ஹால் முழுவதும் கேட்டது. மேற்பார்வையாளர் நீட்டிய கோலைப் பார்த்தார். அவர் கை கொஞ்சம் எழுந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த மேஜைக்கு, என் மேஜைக்கு வந்தார். என் ஹால் டிக்கெட்டை வேண்டிய நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்து, டி-ஸ்கொயரின் தலையை வலது விளிம்பில் ஒட்டிவைத்து, கேள்வித்தாள் வரும் முன்பே தாளுக்கு ஓரக்கோடு போட ஆரம்பித்திருந்தார்.